அம்பாசடர் ஹெட் நட்டுகள்: எவ்வளவு இறுக்குவது, எப்படி இறுக்குவது?

கேள்வி: என்னிடம் 1984ஆம் ஆண்டு அம்பாசடர் மார்க் 4 பெட்ரோல் கார் இருக்கிறது. அப்பா வாங்கிய வண்டி. சென்ற ஆண்டு ஹெட் கேஸ்கட் (இன்ஜின் பிளாக்குக்கும் அதன் மேல்மூடியான ஹெட்டுக்கும் இடையில் கசிவைத் தடுக்கும் தகடு) போய், கும்பகோணத்தில் ஒரு பட்டறையில் புதிது போட்டோம். ஏறத்தாழ 800 கி.மீ. ஓடியதும் ரேடியேட்டரில் மீண்டும் குமிழி வருகிறது; இரண்டாவது, மூன்றாவது சிலிண்டர்களில் கம்ப்ரெஷன் குறைந்துவிட்டது. மெக்கானிக் மிகுந்த அனுபவசாலி. நீண்ட கம்பியைப் போட்டுக் கைக்கணக்கிலேயே இறுக்குபவர். "இந்த முறை இன்னும் கொஞ்சம் கூட இறுக்கிவிடுகிறேன்" என்கிறார். என் மகன் டார்க் ரென்ச் (முறுக்கை அளந்து இறுக்கும் ஸ்பானர்) வாங்கி வைத்திருக்கிறான். 40 அடி-பவுண்டு போதும் என்று ஒருவரும், 60 வைத்தால்தான் நிற்கும் என்று இன்னொருவரும் சொல்கிறார்கள். மரையில் எண்ணெய் விடலாமா? இன்ஜின் சூடாக இருக்கும்போது இறுக்க வேண்டுமா, ஆறிய பிறகா? விளக்கினால் உதவியாக இருக்கும்.

பதில்: அன்புள்ள ஐயா, உங்கள் கடிதத்தில் உள்ள கேள்விகளில் முறுக்கு அளவைப் பற்றியதற்கு ஒரே வரியில் பதில் சொல்லிவிடலாம். உங்கள் வண்டியில் இருப்பது பி.எம்.சி. (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) நிறுவனத்தின் பி-சீரிஸ் வடிவமைப்பைச் சேர்ந்த 1489 சி.சி. இன்ஜின் என்றால், அதன் ஹெட் நட்டுகளுக்கு உரிய முறுக்கு அளவு 40 அடி-பவுண்டுதான். 60 வைக்கக் கூடாது. பிற்காலத்து இசுசு 1800 பெட்ரோல் இன்ஜினோ டீசல் இன்ஜினோ மாற்றிப் பொருத்தப்பட்டிருந்தால் இந்தக் கணக்கு பொருந்தாது. அவற்றுக்கு உரிய கையேட்டையே பார்க்க வேண்டும். ஆனால் உங்கள் கேஸ்கட் 800 கி.மீ.க்குள் போனதற்கு இறுக்கம் குறைந்ததுதான் காரணம் என்று நான் நினைக்கவில்லை. இறுக்கம் சமமாக இல்லாமல் போயிருக்கலாம். அடியில் உள்ள பரப்பு சரியில்லாமல் இருந்திருக்கலாம். ஓட்டிய பிறகு மறுபடி இறுக்காமல் விட்டிருக்கலாம். இந்த மூன்றில் எதையும் "இன்னும் கொஞ்சம் கூட" இறுக்குவதால் சரிசெய்ய முடியாது.

நட்டை நாம் எதற்காக இறுக்குகிறோம் என்பதிலிருந்து தொடங்குகிறேன். ஹெட்டைப் பிடித்திருக்கும் ஸ்டட் (பிளாக்கில் திருகி நிறுத்திய, தலையில்லாத மரைக்கம்பி) ஒவ்வொன்றும் மிக விறைப்பான ஒரு ஸ்பிரிங் ஆகும். நட்டைத் திருப்பும்போது ஸ்டட் மேல்நோக்கி இழுபட்டு நீள்கிறது. அது தன் பழைய நீளத்துக்குத் திரும்ப முயலும் விசைதான் ஹெட்டைக் கேஸ்கட்டின் மீது அழுத்திப் பிடிக்கிறது. 3/8 அங்குல விட்டமுள்ள ஸ்டட்டில் 40 அடி-பவுண்டு முறுக்கைச் செலுத்தினால், மரை காய்ந்த நிலையில், ஏறத்தாழ 2,900 கிலோ எடைக்கு ஈடான பிடிப்பு கிடைக்கும். இந்த ஹெட்டில் 11 நட்டுகள். ஆகவே மொத்தப் பிடிப்பு 30 டன்னைத் தாண்டுகிறது. சிலிண்டரின் விட்டம் சுமார் 73 மி.மீ.; முழு ஆக்சிலரேட்டரில் வெடிப்பின் உச்ச அழுத்தம் சதுர செ.மீ.க்கு 40 கிலோ என்று வைத்துக்கொண்டாலும், ஒரு சிலிண்டர் ஹெட்டை மேலே தள்ளும் விசை 1,700 கிலோவைத் தாண்டாது. அதிலும் ஒரு சமயத்தில் ஒரு சிலிண்டரில்தான் வெடிப்பு நிகழ்கிறது. எனவே 40 அடி-பவுண்டு என்பது குறைவான அளவு அன்று. எல்லா நட்டுகளிலும் அது உண்மையாகவே சேர்ந்திருந்தால், தேவைக்கு மேற்பட்ட பிடிப்பு அங்கே இருக்கிறது.

"உண்மையாகவே சேர்ந்திருந்தால்" என்று நான் சொல்வதற்குக் காரணம் உண்டு. டார்க் ரென்ச் ஸ்டட்டின் நீட்சியை அளப்பதில்லை; நட்டைத் திருப்ப எவ்வளவு எதிர்ப்பு இருக்கிறது என்பதை மட்டுமே அளக்கிறது. நாம் கொடுக்கும் முறுக்கில் ஏறத்தாழ பாதி நட்டின் அடிப்பக்கத்துக்கும் வாஷருக்கும் இடையிலான உராய்விலேயே செலவாகிறது. இன்னொரு 40 விழுக்காடு மரைக்குள் உராய்வாகப் போகிறது. மீதமுள்ள சுமார் 10 விழுக்காடுதான் ஸ்டட்டை நீட்டுகிறது. ஆகவே ஒரு நட்டின் மரையில் துரு இருந்து, பக்கத்து நட்டின் மரை சுத்தமாக இருந்தால், இரண்டிலும் ரென்ச் ஒரே 40-இல் சொடுக்கினாலும் (வைத்த அளவு வந்ததும் 'டக்' என்று ஒலித்தாலும்) பிடிப்பு ஒன்றாக இருக்காது. துருப்பிடித்த நட்டு சரியாக இறுகிவிட்டது போல நடிக்கும். நெடுநாள் பழக்கத்தால் பதப்பட்ட மெக்கானிக்கின் கையும் இதே உராய்வைத்தான் உணர்கிறது. அந்தக் கையை நான் குறைத்து மதிப்பிடவில்லை. வாட்டர் பம்ப்பையோ சைலன்சர் கிளாம்ப்பையோ இறுக்க அது போதுமானது. ஆனால் 11 நட்டுகளில் ஒன்றுக்கொன்று பெரிய வேறுபாடில்லாமல் பிடிப்பை நிறுத்த எந்தக் கையாலும் இயலாது. அதிலும் நீண்ட கம்பியைப் போட்டால் உணர்வு மேலும் மழுங்கிவிடும்.

இந்த ஒரு விஷயத்தைப் புரிந்துகொண்டால், எண்ணெய் விடலாமா என்ற உங்கள் கேள்விக்கு விடை அதற்குள்ளேயே இருக்கிறது. எண்ணெய் உராய்வைக் குறைக்கும். அதே 40-க்கு ஸ்டட் கூடுதலாக நீளும். மேலே சொன்ன 2,900 கிலோ, மரையிலும் வாஷரிலும் தாராளமாக எண்ணெய் இருந்தால், 3,800-ஐத் தாண்டக்கூடும். இதைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. ஸ்டட் அதைத் தாங்கும். என் வழக்கம், மரையில் ஒரு சொட்டு இன்ஜின் ஆயிலும், வாஷரின் மேல்பக்கத்தில் லேசான பூச்சும் மட்டும் விடுவது. 11 நட்டுகளுக்கும் ஒரே மாதிரி விடுவது. சில நட்டுகள் காய்ந்தும் சில நனைந்தும் இருப்பதே பெரிய கேடு. கிரீஸ், கிராஃபைட் பசை போன்றவற்றைத் தவிர்த்துவிடுங்கள். அவை உராய்வை எவ்வளவு குறைக்கின்றன என்பது அந்தந்தப் பொருளைப் பொறுத்தது, நம் 40 என்ற எண் அவற்றுக்காகச் சொல்லப்பட்டதும் அன்று. எண்ணெய் விட்ட மரையில் 60 அடி-பவுண்டு வைத்தால் என்ன ஆகும் என்பதையும் இந்தக் கணக்கிலிருந்தே ஊகிக்கலாம்: பிடிப்பு 5,500 கிலோவை மீறும், இந்தத் தடிமனுள்ள ஸ்டட் தன் மீள்தன்மையின் எல்லையைத் தாண்டி நிரந்தரமாக நீண்டுவிடும். அப்படி நீண்ட ஸ்டட் பார்வைக்கு இறுகியே இருக்கும், ஆனால் பிடிக்காது. இன்னும் மோசமான விளைவு பிளாக்கில் நிகழும். வார்ப்பிரும்பில் வெட்டிய மரை மேலே இழுபட்டு, ஸ்டட் துளையைச் சுற்றி ஒரு மெல்லிய மேடு எழும்பும். பிறகு எத்தனை கேஸ்கட் போட்டாலும் அந்த மேட்டின் மேல்தான் ஹெட் உட்காரும். துளைகளுக்கு நடுவே, அதாவது சிலிண்டர்களுக்கு இடையே, அழுத்தம் இருக்காது. உங்கள் வண்டியில் இது ஏற்கனவே நடந்திருக்குமோ என்ற ஐயம் எனக்கு வலுவாக இருக்கிறது.

ஆகவே ஹெட்டைக் கழற்றியதும் முதலில் பார்க்க வேண்டியது பிளாக்கின் மேல்பரப்பு. கழற்றும்போதும் ஒழுங்கு வேண்டும். இன்ஜின் முற்றிலும் ஆறியிருக்க வேண்டும். தண்ணீரை முழுவதும் வடித்துவிட வேண்டும். நட்டுகளை ஓரத்திலிருந்து நடுவை நோக்கி, ஒரு சுற்றில் சிறிதளவு என்று, பல சுற்றுகளில் தளர்த்த வேண்டும். இந்த இன்ஜினில் ராக்கர் ஷாஃப்ட்டை (வால்வுகளை அழுத்தும் ராக்கர்கள் கோத்த தண்டை) தாங்கும் பெடஸ்டல்களின் பெரிய நட்டுகள் நான்கும் ஹெட் நட்டுகளேதாம். டேப்பெட் (வால்வு இடைவெளி) வேலைக்காக ராக்கரைக் கழற்றுகிறேன் என்று அந்த நான்கை மட்டும் தளர்த்தினால் ஹெட் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு கேஸ்கட் கெட்டுவிடும். நல்ல நிலையில் இருந்த பல கேஸ்கட்டுகள் இப்படித்தான் வீணாகியிருக்கின்றன.

பழைய கேஸ்கட்டைக் காய்ந்த நிலையில் சுரண்ட வேண்டாம். அந்தக் காலத்துத் தாமிர உறையிட்ட கேஸ்கட்டுகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்தது; தூசு நுரையீரலுக்குள் போகக் கூடாத பொருள் அது. தண்ணீர் தெளித்து ஈரமாக்கி மெதுவாக எடுங்கள். பரப்பு சுத்தமானதும், நேரான எஃகுச் சட்டம் ஒன்றை நீளவாக்கிலும் குறுக்கிலும் மூலைவிட்டங்களிலும் வைத்து, அதன் அடியில் ஃபீலர் கேஜை (தடிமன் குறித்த மெல்லிய அளவுத் தகடுகளை) நுழைத்துப் பார்க்க வேண்டும். 0.05 மி.மீ. தகடு எங்கும் நுழையக் கூடாது; 0.10 தாராளமாக நுழைந்தால் லேத் பட்டறையில் கொடுத்து ஃபேஸிங் (பரப்பைச் சீவிச் சமமாக்குதல்) செய்துதான் ஆக வேண்டும். ஹெட்டை எல்லோரும் பார்ப்பார்கள். பிளாக்கைப் பார்ப்பவர்கள் குறைவு. ஸ்டட்டுகளைக் கழற்றிவிட்டு, ஒவ்வொரு துளையின் விளிம்பிலும் எண்ணெய்க்கல்லைத் தட்டையாக வைத்து இரண்டு முறை தேய்த்தால், மேடு இருக்கும் இடம் பளபளத்துக் காட்டிக்கொடுத்துவிடும். மேடு சிறிதாக இருந்தால், துளையின் வாயை மெல்லச் சாய்வாக வெட்டிக் கல்லால் சமன் செய்யலாம். பெரிதாக இருந்தால் அந்த மரையையே நம்ப முடியாது, இன்செர்ட் (துளைக்குள் பொருத்தும் புதிய மரை) போட வேண்டியிருக்கும்.

இரண்டாவது, மூன்றாவது சிலிண்டர்களுக்கு இடையே மட்டும் கேஸ்கட் போவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. இந்த ஹெட்டில் எக்ஸாஸ்ட் வழிகள் மூன்றே. நடுவில் உள்ள வழி இரண்டாவது, மூன்றாவது சிலிண்டர்களுக்குப் பொதுவானது. இரண்டு எக்ஸாஸ்ட் வால்வுகள் அங்கே பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால் ஹெட்டிலேயே மிகவும் சூடாகும் இடம் அதுதான். வண்டி ஒருமுறை கடுமையாகச் சூடேறியிருந்தால், அந்த இரண்டு வால்வு சீட்டுகளுக்கு இடையில் மயிரிழை விரிசல் விழுந்திருக்கக்கூடும். கண்ணுக்குத் தெரியாத அத்தகைய விரிசலைச் சாயம் தடவியோ ஹெட்டை அழுத்தச் சோதனைக்குக் கொடுத்தோ கண்டுபிடித்துவிட்டு மேற்கொண்டு செலவு செய்யுங்கள். ரேடியேட்டர் அடைப்பு, சோர்ந்த வாட்டர் பம்ப் போன்றவற்றையும் இந்தச் சமயத்திலேயே பார்த்துவிட வேண்டும். சூடேறுவதற்கான காரணம் அப்படியே இருக்கும்போது கேஸ்கட்டை மட்டும் மாற்றிப் பயனில்லை.

இனி ஸ்டட், நட்டு, வாஷர். கம்பித் தூரிகையால் மரைகளைத் துலக்கி, நட்டைக் கையாலேயே அடிவரை ஓட்டிப் பாருங்கள். எங்கேனும் பிடித்தால் அந்த ஜோடி வேண்டாம். பழைய ஸ்டட் ஒன்றைப் புதிய ஸ்டட்டின் அருகில் நிறுத்தினால் நீட்சி தெரியும்; மரைப் புரிகளுக்கு இடையிலான தூரத்தைக் காட்டும் சீப்பு போன்ற அளவியை (பிட்ச் கேஜ்) வைத்தாலும் தெரியும். ஒன்று நீண்டிருந்தால் நான் எல்லாவற்றையும் மாற்றச் சொல்வேன், ஏனெனில் ஒரே கையால் இறுக்கப்பட்டவை எல்லாம் ஒரே கதிக்குத்தான் ஆளாகியிருக்கும். வாஷர்கள் தடித்தவையாக, கடினப்படுத்தப்பட்டவையாக இருக்க வேண்டும். நடுவில் குழிந்துபோன வாஷரையும், பெட்டிக்கடையில் வாங்கிய மென்மையான வாஷரையும் போட்டால், நட்டு அதைத் தின்றுகொண்டே சுற்றும். முறுக்கு அளவு வெறும் பொய்யாகிவிடும். மலிவான பொருள் என்பதாலேயே இதில் அக்கறை காட்டுபவர்கள் குறைவு. நட்டுகள் அங்குல அளவைச் சேர்ந்தவை என்பதால், கிட்டத்தட்டப் பொருந்தும் மில்லிமீட்டர் பாக்ஸ் ஸ்பானரைப் போட்டு முனைகளை உருட்டிவிட வேண்டாம்.

பிளாக்கின் ஸ்டட் துளைகளைச் சரியான டாப்பை (மரை வெட்டும் கருவியை) கையால் ஓட்டிச் சுத்தம் செய்து, காற்றடித்து உலர்த்துங்கள். துளையின் அடியில் தண்ணீரோ எண்ணெயோ தேங்கியிருந்தால், ஸ்டட் உள்ளே இறங்கும்போது அது போக வழியில்லாமல் அழுத்தப்பட்டுப் பிளாக்கையே விரிசலடையச் செய்யும். ஸ்டட்டைக் கையால் அடிவரை திருகி நிறுத்தினால் போதும். அதைப் பிளாக்கில் முடுக்கி இறுக்க வேண்டியதில்லை.

கேஸ்கட்டில் எது மேல்பக்கம், எது முன்பக்கம் என்று பொறிக்கப்பட்டிருக்கும். அதன்படி வைத்து, தண்ணீர் வழிகளும் எண்ணெய் வழியும் பொருந்துகின்றனவா என்று பாருங்கள். உறையில் பூசச் சொல்லாத வரை எந்தப் பசையும் வேண்டாம். ஹெட்டை நேராக இறக்கி, புஷ் ராடுகளை அவற்றின் பழைய இடங்களிலேயே இட்டு, ராக்கர் தொகுதியை வைத்து, எல்லா நட்டுகளையும் விரலால் இறுக்குங்கள். சில வால்வுகளின் ஸ்பிரிங்குகள் ராக்கரை மேலே தள்ளும் என்பதால், பெடஸ்டல் நட்டுகளை ஒரே மூச்சில் இறக்காமல் மாறி மாறிச் சமமாக இறக்க வேண்டும். டேப்பெட் திருகுகளை முன்கூட்டியே தளர்த்தி வைத்திருந்தால் இந்த வேலை எளிதாகும்.

அதன் பிறகு நடுவிலுள்ள நட்டில் தொடங்கி, இருபுறமும் மாறி மாறி, ஓரத்தை நோக்கி நகர வேண்டும். கையேட்டில் உள்ள எண் வரிசையைச் சாக்பீஸால் ஹெட்டிலேயே எழுதிவைத்துக்கொள்வது நல்லது. நடுவிலிருந்து போவதற்குக் காரணம், கேஸ்கட் நசுங்கும்போது வெளிப்பக்கம் நோக்கிப் பரவ இடம் வேண்டும் என்பது. இரு ஓரங்களையும் முதலில் பூட்டிவிட்டால் நடுவில் ஒரு வளைவு சிக்கிக்கொள்ளும். முதல் சுற்றில் 15, இரண்டாவதில் 30, மூன்றாவதில் 40 அடி-பவுண்டு. 40 முடிந்ததும் அதே வரிசையில் இன்னொரு முறை 40-இலேயே சரிபாருங்கள். பக்கத்து நட்டு இறுகும்போது முன்பு இறுக்கியது சற்றுத் தளர்ந்திருக்கும். பெடஸ்டல்களின் சிறிய நட்டுகளுக்கு 25 அடி-பவுண்டு போதும். அவை ஹெட்டைப் பிடிப்பவை அல்ல.

உங்கள் மகன் வாங்கிய ரென்ச்சில் எந்த அலகு பொறிக்கப்பட்டிருக்கிறது என்பதைக் கட்டாயம் பார்க்கச் சொல்லுங்கள். 40 அடி-பவுண்டு என்பது 5.5 கிலோகிராம்-மீட்டர், அல்லது 54 நியூட்டன்-மீட்டர். இன்று கடையில் கிடைப்பவை பெரும்பாலும் நியூட்டன்-மீட்டரில்தான் வருகின்றன. அதில் 40 வைத்தால் உண்மையில் 30 அடி-பவுண்டுகூட வராது. ரென்ச்சை ஒரே சீராக, மெதுவாக இழுத்து, முதல் சொடுக்கிலேயே நிறுத்த வேண்டும். உறுதிக்காக இன்னொரு சொடுக்கு என்பது கூடுதல் இறுக்கமே. கைப்பிடியில் குழாய் செருகக் கூடாது. நட்டைக் கழற்ற அதைப் பயன்படுத்தவும் கூடாது. அதன் அளவில் ஐயம் இருந்தால், ரென்ச்சின் சதுர முனையை வைஸில் பிடித்துக் கைப்பிடியைக் கிடைமட்டமாக நிறுத்தி, கைப்பிடியின் நடுவில் எடை தொங்கவிட்டுப் பாருங்கள். முனையிலிருந்து அந்த இடம் 40 செ.மீ. என்றால், 13.75 கிலோ எடை 5.5 கிலோகிராம்-மீட்டர் ஆகும். ரென்ச்சின் சொந்த எடையால் சற்று முன்னதாகவே சொடுக்கும், அது சரிதான். 10 கிலோவிலேயே சொடுக்கினாலோ 18 கிலோவுக்கும் சொடுக்காவிட்டாலோ அந்தக் கருவியைத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

சூடா, குளிரா என்ற கேள்விக்கு வருகிறேன். இந்த இன்ஜினில் பிளாக்கும் ஹெட்டும் வார்ப்பிரும்பு, ஸ்டட் எஃகு. மூன்றும் சூட்டில் கிட்டத்தட்ட ஒரே அளவில்தான் விரிகின்றன. எனவே சூட்டில் இறுக்கும் பழக்கம் அந்தக் காலத்தில் பெரிய சேதம் இல்லாமல் நடந்துவந்தது. ஆனால் அலுமினிய ஹெட்டுள்ள மாருதி 800 போன்றவற்றில் ஹெட் எஃகு போல்ட்டைவிட இரண்டு மடங்கு விரியும். சூட்டில் இறுக்கினால் ஆறிய பிறகு பிடிப்பு விழுந்துவிடும். இரண்டு வகை வண்டிகளும் வரும் பட்டறையில் இரண்டு பழக்கம் வைத்திருப்பதைவிட, எல்லாவற்றையும் குளிர்ந்த நிலையில் செய்வதே பாதுகாப்பு; உங்களுக்கும் அதையே பரிந்துரைக்கிறேன். கேஸ்கட் உறையில் வேறுவிதமாக அச்சிட்டிருந்தால் அதன்படி செய்யுங்கள்.

மறுபடி இறுக்கும் வேலையைச் சென்ற முறை செய்தார்களா என்று நீங்கள் எழுதவில்லை. 10 செ.மீ. நீளமுள்ள ஸ்டட் 40 அடி-பவுண்டுக்கு நீள்வது ஏறத்தாழ 0.2 மி.மீ. மட்டுமே. புதிய கேஸ்கட் முதல் சூட்டில் 0.05 மி.மீ. அமுங்கினாலே நாம் சேர்த்த பிடிப்பில் நான்கில் ஒரு பங்கு போய்விடுகிறது. ஆகவே வேலை முடிந்ததும் இன்ஜினை இயல்பான சூடு வரும் வரை ஓட்டி, இரவு முழுவதும் ஆறவிட்டு, காலையில் ஒரு முறையும், 500 கி.மீ. ஓடிய பின் இன்னொரு முறையும் இறுக்க வேண்டும். வெறுமனே ரென்ச்சை வைத்துச் சொடுக்குகிறதா என்று பார்ப்பது போதாது, ஏனெனில் நின்றுபோன நட்டை நகர்த்தத் தேவையான விசை, நகரும் நட்டுக்குத் தேவையானதைவிட அதிகம். தளர்ந்த நட்டும் சொடுக்கிவிடும். அதே வரிசையில், ஒவ்வொரு நட்டாக, கால் சுற்றுத் தளர்த்தி உடனே 40-க்குக் கொண்டுவர வேண்டும். ஒரே சமயத்தில் இரண்டு நட்டுகளைத் தளர்த்தக் கூடாது.

ஹெட் கீழே இறங்கும் ஒவ்வொரு முறையும் டேப்பெட் இடைவெளி மாறும் என்பதால், மறுபடி இறுக்கிய உடனே 0.015 அங்குலத்துக்கு, அதாவது 0.38 மி.மீ.க்கு, செட்டிங் செய்யுங்கள். எந்த வால்வை எப்போது அளப்பது என்பதற்கு எளிய கணக்கு ஒன்று உண்டு: எட்டாவது வால்வு முழுவதும் அழுந்தி நிற்கும்போது முதலாவதை அளக்க வேண்டும், ஏழாவது அழுந்தும்போது இரண்டாவதை, ஆறாவது அழுந்தும்போது மூன்றாவதை, இரண்டின் கூட்டுத்தொகை எப்போதும் ஒன்பது.

500 கி.மீ. இறுக்கத்துக்குப் பிறகு நான்கு சிலிண்டர்களிலும் கம்ப்ரெஷன் எடுத்து எழுதிவைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவதும் மூன்றாவதும் மற்ற இரண்டுக்கு அருகில் நின்று, ரேடியேட்டரில் குமிழியும் இல்லையென்றால், நட்டுகளை அதன் பிறகு தொட வேண்டாம். குமிழி மறுபடியும் வந்தால், இறுக்கிப் பார்ப்பதில் ஒரு நாளையும் வீணாக்காமல் ஹெட்டைக் கழற்றி, அந்த நடு எக்ஸாஸ்ட் வழியின் விரிசலைத் தேடச் சொல்லுங்கள்.